மிச்சமாகும் டீசல் யாருடைய பணம்?
தொலைதூரச் சமூகங்களும் காற்று மின்சாரத்தின் பொருளாதாரமும்
(லண்டனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காற்று மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பருவநிலை மாற்றத்திலிருந்து தொடங்குவார்கள். நான் ஒரு லீற்றர் டீசலிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள நெடுந்தீவில் மின்சாரம் என்றால் பல ஆண்டுகளாக டீசல் மின்பிறப்பாக்கிதான். அந்த டீசல் கப்பலில் நாட்டுக்கு வந்து, தரைவழியாக வடக்கே போய், மீண்டும் கடல் தாண்டித் தீவை அடைகிறது. நன்றாகப் பராமரிக்கப்படும் இயந்திரம் ஒரு லீற்றரில் ஏறத்தாழ மூன்று அலகு மின்சாரம் தரும். அதை நெடுந்தீவு வீட்டுக்காரர், கொழும்பு வீட்டுக்காரர் கட்டும் அதே கட்டணத்தில் பெறுகிறார். இலங்கையில் வீடுகளுக்கு நாடு முழுவதும் ஒரே கட்டண அட்டவணை. உண்மைச் செலவுக்கும் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளியை இலங்கை மின்சார சபை தன் கணக்கில் சுமக்கிறது.

அந்தத் தீவில் ஒரு காற்றாலை சுழலத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றர் டீசல் மிச்சமாகிறது. அந்த லீற்றரின் விலை யாருடைய கையில் போய்ச் சேர வேண்டும்? இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு கேள்வியின் விரிவுதான். ஒதுங்கிக் கிடக்கும் ஊர்களில் காற்றாலை நீடித்து உழைப்பதும் சில ஆண்டுகளில் துருப்பிடித்து நிற்பதும், காற்றின் வேகத்தைக் காட்டிலும் இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில்தான் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

லண்டனும் காற்றின் கணக்கும்

இந்தக் கணக்குக்கும் இந்த நகருக்கும் பழைய உறவு உண்டு. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி 1887இல் ஸ்கொட்லாந்தின் மேரிகேர்க் என்ற சிற்றூரில், ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் தன் விடுமுறை இல்லத்துக்கு விளக்கேற்றியதில் தொடங்கியது. ஆனால் அதைப் பொருளாதாரக் கேள்வியாக முறையாக ஆராய்ந்தவர் ஈ. டபிள்யூ. கோல்டிங். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய மின்துறை ஆராய்ச்சிச் சங்கத்தின் சார்பில் அவர் நாட்டின் மலைமுகடுகளிலும் கடலோரங்களிலும் காற்றை அளந்தார். காற்று மின் உற்பத்தி பற்றிய அவருடைய நூல் 1955இல் லண்டனில் வெளியானது. பெரிய மின்வலைக்குத் துணையாகக் காற்று எவ்வளவு உதவும் என்பதோடு, மின்வலை எட்டாத குடியிருப்புகளுக்கு அது எந்த விலையில் கட்டுப்படியாகும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். எண்ணெய் மலிந்த அந்தக் காலத்தில் அந்த வேலை பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இன்னொருவர் நம் பக்கத்தவர். பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி 1945இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு வந்தார். இயற்பியல் படிக்க வந்தவர், வானிலைக் கருவிகளில் தேர்ச்சி பெற்று 1948இல் இந்தியா திரும்பினார். வானிலைத் துறையில் நீண்ட காலம் பணியாற்றி, ஓய்வுக்குப் பின்னும் பெங்களூரில் இருந்தபடி இந்தியாவின் காற்று அளவீடுகளைத் தொகுத்து வெளியிட்டார். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகள் 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் நின்றன. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயின் முப்பந்தலும் பாலக்காட்டுக் கணவாயின் சுற்றுப்புறமும் காற்றாலைக் காடாயின. அவற்றுக்கெல்லாம் முன்னால் பொறுமையாக அளந்த மனிதர்கள் இருந்தார்கள்.

அளவீட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று 6 மீற்றராகக் கூடினால் வேகம் 20 வீதம்தான் உயர்ந்தது. அதிலுள்ள ஆற்றலோ ஏறத்தாழ 73 வீதம் உயர்ந்துவிடுகிறது. பனைகளுக்குப் பின்னால் நிறுத்திய காற்றாலைக்கும் திறந்த கடற்கரையில் நிறுத்திய காற்றாலைக்கும் இடையே இலாபமும் நட்டமும் மாறிப்போகும். ஆகவே ஓராண்டு முழுவதும் ஒரு கம்பத்தை நட்டுக் காற்றை அளப்பதுதான் எந்தத் திட்டத்திலும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் முதலீடு. அவசரத் திட்டங்கள் முதலில் வெட்டும் செலவும் அதுவே.

காற்றுக்கு விலையில்லை, காற்றாலைக்கு வட்டி உண்டு

டீசல் இயந்திரம் வாங்க மலிவு, ஓட்டச் செலவு. காற்றாலை ஓட்ட மலிவு, வாங்கச் செலவு. இருபது ஆண்டுகளுக்கான மின்சாரத்தின் விலையில் பெரும்பகுதியை முதல் நாளே கட்டிவிட வேண்டும். எனவே காற்று மின்சாரத்தின் விலை என்பது பெருமளவில் கடன் வாங்கிய பணத்தின் விலைதான்.

ஓர் எளிய கணக்கு. 1 இலட்சம் பவுண் கடனை இருபது ஆண்டுகளில் சமத் தவணையாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். வட்டி 4 வீதம் என்றால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 7,400 பவுண். வட்டி 12 வீதம் என்றால் ஏறத்தாழ 13,400 பவுண். அதே காற்றாலை, அதே காற்று, அதே கடற்கரை; மின்சாரத்தின் அடக்கவிலை மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பெரிய நிறுவனத்துக்கு நான்கில் கிடைக்கும் கடன் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பன்னிரண்டிலும் கிடைக்காது. காற்று வலுவாக வீசும் ஊர்களில் பணம் விலை உயர்ந்திருக்கிறது. பணம் மலிந்த நகரங்களில் காற்று தளர்ந்திருக்கிறது. இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் தொழில்நுட்பத்தை மட்டும் கொண்டுபோய் இறக்குவதில் பயனில்லை.

இரண்டாவது கணக்கு டீசல் இயந்திரத்தின் குணத்தைப் பற்றியது. அதைத் தன் திறனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்குக் கீழே நெடுநேரம் ஓட்ட முடியாது. குறைந்த சுமையில் அது அலகுக்கு அதிக எண்ணெய் குடிக்கும், உள்ளே கரி படியும். ஆகையால் டீசல் ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்றைச் சேர்த்தால் ஓரளவு எண்ணெயை எளிதாக மிச்சம் பிடிக்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் டீசலை முற்றாக நிறுத்த வேண்டும். அதற்குப் பற்றரியும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் வேண்டும். கடைசிச் சில வீதத்தையும் எட்ட முயன்றால், ஆண்டில் காற்றும் வெயிலும் ஒருசேரக் கைவிடும் ஒருசில நாட்களுக்காக மிகப் பெரிய பற்றரியை வாங்கிப் போட வேண்டிவரும். முழுமையான விடுதலை என்ற முழக்கம் நன்றாக இருக்கலாம். ஆயினும் பத்தில் ஒன்பது பங்கை மிச்சம் பிடித்து, மீதி ஒரு பங்குக்குப் பழைய டீசல் இயந்திரத்தைக் காவலாக வைத்துக்கொள்வதே ஊருக்குக் கட்டுப்படியாகும் வழி.

மூன்றாவது, பராமரிப்பு. கடற்காற்றின் உப்பு எதையும் விடாது. சிறிய பாகமொன்று பழுதானால், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் படகில் வரவேண்டியிருந்தால், காற்றாலை மாதக்கணக்கில் நிற்கும். பெரிய பாரந்தூக்கி போக முடியாத தீவில், தரைக்குச் சாய்த்து இறக்கக்கூடிய சிறிய கோபுரங்கள் அலகுக்குச் சற்றுக் கூடுதல் விலையானாலும் அறிவான தேர்வு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது பாக்குநீரிணையில்தான் என்பதை மறக்கலாகாது. புயல் எச்சரிக்கை வந்ததும் கோபுரத்தை இறக்கிக் கட்டி வைக்க முடிய வேண்டும்.

ஸ்கொட்லாந்துத் தீவுகள் சொல்லும் பாடம்

இந்த நாட்டின் வடக்கிலேயே நம் தீவகத்தின் உறவுகள் இருக்கின்றன. ஓர்க்னிக்கும் ஷெட்லண்டுக்கும் நடுவில் ஃபெயார் ஐல். ஐம்பது பேரளவில் வாழும் தீவு. 1982இலேயே அங்கே காற்றாலை வந்துவிட்டது. காற்று மிகுந்த நேரத்தில் வீடுகளைச் சூடாக்கக் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் கொடுத்தார்கள். சேமிக்க முடியாத காற்றை வெப்பமாக மாற்றி விற்ற அந்த ஏற்பாடு காலத்தை முந்தியது. ஆயினும் காற்றில்லாத இரவுகளில் பதினொன்றரை மணிக்கு டீசல் நின்றால் காலை ஏழரை வரை இருட்டுத்தான். 2018இல் மூன்று காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பற்றரியும் ஏறத்தாழ 35 இலட்சம் பவுண் செலவில் சேர்ந்த பிறகுதான் இருபத்து நான்கு மணிநேர மின்சாரம் வந்தது. தலைக்கணக்கில் பார்த்தால் அது பெரும் தொகை. அப்படியானால் ஏன் செலவிட்டார்கள்? ஓர் ஊர் வெறிச்சோடிப் போவதன் இழப்பை மின்கட்டணச் சீட்டில் எழுத முடியாது என்பதால்.

அடுத்தது எய்க். 1997 ஜூனில் அத்தீவின் மக்கள் நிதி திரட்டித் தங்கள் தீவை நிலவுடைமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். இப்போது ஏறத்தாழ நூறு பேர் வாழும் தீவு. அப்போது வீட்டுக்கு வீடு தனி டீசல் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பெருநிலத்திலிருந்து கடலடிக் கம்பி இழுக்கப் பல மில்லியன் பவுண் ஆகும் என்ற நிலையில், அதற்கு வெகு கீழான ஏறத்தாழ 16 இலட்சம் பவுணில் தங்களுக்கென ஒரு சிறு மின்வலையை அமைத்தார்கள். 2008 பெப்ரவரி 1 அன்று அது இயங்கத் தொடங்கியது. ஓடைநீரில் மூன்று மின்நிலையங்கள், நான்கு சிறிய காற்றாலைகள், சூரியத் தகடுகள், ஒரு பற்றரித் தொகுதி, காவலுக்கு டீசல். மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இயற்கையிலிருந்தே கிடைக்கிறது. மாரியில் மழையும் காற்றும், கோடையில் வெயில். ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று தோள் கொடுக்கிறது.

எய்கிடம் நான் மிகவும் மதிப்பது இயந்திரங்களைக் காட்டிலும் அதன் விதியைத்தான். எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் இழுக்கக் கூடாது. வணிக நிலையங்களுக்கு 10 கிலோவாற். வசதி படைத்தவருக்கும் ஓய்வூதியருக்கும் ஒரே அளவு. மின்நிலையத்தின் செலவை உயர்த்துவது நாம் ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் மின்சாரத்தின் அளவைவிட, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கும் உச்சத் தேவை. அந்த உச்சத்தை இயந்திரம் வாங்கிச் சமாளிப்பதற்குப் பதிலாக, ஊர் கூடி ஒப்புக்கொண்ட ஒரு வரம்பால் சமாளித்தார்கள். காற்றும் நீரும் மிஞ்சும் நாட்களில் அந்த மின்சாரம் பொது மண்டபத்தைச் சூடாக்குகிறது. பராமரிப்பைத் தீவு மக்களே பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள். கட்டணம் அவர்களுடைய நிறுவனத்துக்கே போகிறது. டீசலுக்கென்று முன்பு தீவை விட்டு வெளியேறிய பணம் தீவுக்குள் சுற்றுகிறது.

கிகா தீவு வேறொரு வழி காட்டியது. அதுவும் 2002இல் மக்களால் வாங்கப்பட்ட தீவு. மக்கள்தொகை நூறுக்குக் கீழே போயிருந்தது. பெரும்பாலான வீடுகள் வாழத் தகுந்த நிலையில் இல்லை. அவர்கள் புதிய காற்றாலை வாங்க முயலவில்லை. வேறோர் இடத்தில் பயன்படுத்திய, 225 கிலோவாற் திறனுள்ள மூன்று காற்றாலைகளை வாங்கி நிறுத்தினார்கள். அவற்றுக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு, அன்பு என்று கேலிக் மொழியில் பெயர் வைத்து, நடன மங்கையர் என்று அழைத்தார்கள். 2005 தொடக்கத்திலிருந்து மின்வலைக்கு மின்சாரம் விற்று வந்த வருமானம் வீடுகளைத் திருத்த உதவியது. குடும்பங்கள் திரும்பி வந்தன. முதலீடு குறைந்தால் வட்டி குறையும். வட்டி குறைந்தால் இலாபம் ஊரில் தங்கும்.

லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே நகரை அடுத்த பொது மேய்ச்சல் நிலத்தில், பொயின்ற் அன்ட் சான்ட்விக் என்ற மக்கள் அறக்கட்டளை 2015 முதல் 9 மெகாவாற் காற்றாலைகளை நடத்துகிறது. அதன் இலாபத்தில் ஒரு பகுதி உள்ளூர் அந்திமப் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறது. இதோடு ஒப்பிட வேண்டியது ஷெட்லண்டின் வைக்கிங் காற்றுப்பண்ணை. 103 காற்றாலைகள், 443 மெகாவாற், 2024இல் தொடங்கியது. உரிமை பெருநிறுவனத்துடையது. இத்தகைய திட்டங்களில் ஊருக்குக் கிடைப்பது வழக்கமாக மெகாவாற்றுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண் என்ற நன்கொடை. மக்களே உடைமையாளராக இருக்கும் காற்றாலைகள், தனியார் காற்றாலைகள் தரும் இந்தத் தொகையைப் போலச் சராசரியாக 34 மடங்கு தங்கள் ஊருக்குக் கொடுத்தன என்று, லூயிஸ் அறக்கட்டளைக்காக 2021இல் செய்யப்பட்ட ஆய்வு கணக்கிட்டது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் மக்கள் உடைமையின் ஆதரவாளர்கள் என்பதைக் கருதிப் பாதியாகக் குறைத்தாலும் பாடம் மாறாது. நன்கொடை பெறும் ஊரும் உடைமையாளராக உள்ள ஊரும் ஒன்றல்ல.

உடைமை ஆபத்தையும் சேர்த்தே தரும். 2020 ஒக்டோபரில் ஸ்கைத் தீவையும் ஹாரிஸையும் இணைத்த கடலடிக் கம்பி அறுந்தது. லூயிஸ், ஹாரிஸ் காற்றாலைகள் மின்சாரத்தை வெளியே அனுப்ப வழியின்றி நின்றன. தீவுகளுக்கு மின்சாரம் கொடுக்க டீசல் நிலையங்கள் எரிந்தன. புதிய கம்பி வர அடுத்த ஆண்டு ஓகஸ்ட் ஆனது. வருமானம் நின்றாலும் கடன் தவணை நிற்கவில்லை. ஒற்றைக் கம்பியை நம்பிய ஊருக்குக் காப்பு நிதி வேண்டும் என்பதையும், காற்று உள்ளூரில் வீசும்போது உள்ளூர் விளக்காவது எரியும்படி மின்வலையை அமைக்க வேண்டும் என்பதையும் அந்த மாதங்கள் கற்றுத்தந்தன.

ஓடந்துறை ஊராட்சியின் துணிவு

இவையெல்லாம் செல்வந்த நாட்டில் நடப்பவை என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006இல் அந்த ஊராட்சி 350 கிலோவாற் காற்றாலை ஒன்றை ஏறத்தாழ 1 கோடியே 55 இலட்சம் ரூபாயில் வாங்கியது. அதில் ஏறத்தாழ 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். காற்றாலை நின்றது ஊரில் அல்ல. காற்று வலுவாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில். ஆண்டுக்கு ஏறத்தாழ 6,75,000 யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஏறத்தாழ நாலரை இலட்சம் யூனிட் போக, மீதி மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருமானத்தில் வங்கிக் கடன் அடைந்தது.

இதன் பொருளாதார நுட்பத்தைக் கவனியுங்கள். கோயம்புத்தூர், திருப்பூர் நூற்பாலைகள் நெடுங்காலமாக முப்பந்தலிலும் உடுமலையிலும் காற்றாலை வைத்து, அந்த மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகத் தங்கள் ஆலைக்கு எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாற்றைத் தாண்டிய காற்றுத் திறனில் பெரும்பங்கு இப்படித் தனியார் முதலீட்டில் வளர்ந்தது. ஆலை முதலாளிக்குத் திறந்திருந்த அதே வழியில் ஓர் ஊராட்சி நடந்து போனது. புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை ஊராட்சியின் ஒழுங்கான கணக்குப் புத்தகமும், அதை நம்பிக் கடன் கொடுத்த ஒரு வங்கியும்.

தீவகத்தில் இன்று

இனி நம் தீவகத்துக்கு வருகிறேன். எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சிறிய கலப்பு மின்நிலையம் ஒன்று அமைந்தது. காற்று, சூரியன், பற்றரி, டீசல் நான்கும் சேர்ந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் அதைவிடப் பெரிய திட்டம் வகுக்கப்பட்டது. 2021இல் அது சீன நிறுவனமொன்றுக்குப் போனது. இந்தியாவின் எதிர்ப்பில் நின்றது. 2022இல் இந்தியாவின் நன்கொடைத் திட்டமாக மாறியது. 2024 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய நன்கொடை 1 கோடியே 10 இலட்சம் டொலர். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரிய சக்தி, 2,400 கிலோவாற் மணி பற்றரி, 2,500 கிலோவாற் காவல் டீசல் என்பது திட்டம். எந்த நாட்டின் நிறுவனம் வருகிறது என்பதைப் பற்றி எழுதப்பட்டதில் ஒரு சிறு பங்குகூடத் தீவு மக்களின் கணக்கைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் வருத்தம்.

காற்றையும் வெயிலையும் இணைப்பதில் தீவகத்துக்கு நல்ல நியாயம் இருக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று இடைவிடாது வீசும். மார்ச், ஏப்ரலில் காற்று ஓய்ந்து வெயில் கொளுத்தும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் திருவிழா ஆனி மாதத்தில் வருகிறது. அடியார்கள் திரளும் நாட்களில் மின்தேவை உயரும். அதே நாட்களில் சோழகமும் உச்சத்தில் இருக்கும். உற்பத்தியும் தேவையும் இப்படிக் கைகோக்கும் இடத்தில் காற்றின் ஒவ்வொரு அலகுக்கும் மதிப்புக் கூடுதல், பற்றரியின் சுமையோ குறைவு.

நன்கொடை என்பதால் வட்டிச் சிக்கல் இங்கே இல்லை. ஆகவே மிச்சம் யாருக்கு என்ற நம் முதல் கேள்வி கூர்மையாகிறது. தீவு வீட்டுக்காரரின் கட்டணம் நாடு முழுவதற்குமான அட்டவணைப்படியே இருக்கும். மிச்சமாகும் டீசலின் பணம் மின்சார சபையின் நட்டக் கணக்கைக் குறைக்கும். அது நாட்டுக்கு நன்மைதான். ஆனால் பற்றரிக்கு ஆயுள் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டும். மின்மாற்றுக் கருவிகளுக்கும் அப்படியே. அன்றைக்கு நன்கொடை வழங்கியவர் வருவாரா? திறைசேரியிடம் பணம் இருக்குமா? 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவிய நாடு அது. மிச்சப்பட்ட டீசலில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்காமல் விட்டால், பற்றரி ஓய்ந்த நாளில் தீவுகள் மீண்டும் டீசலுக்கே திரும்பும்.

ஊர் மக்களே மின்நிலையத்தின் கணக்கைக் கையாள்வதற்கு இலங்கையிலேயே முன்மாதிரி உண்டு. ஈ. எஃப். ஷூமாக்கர் 1966இல் இந்த லண்டனில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழு, பிற்காலத்தில் இலங்கை மலைநாட்டுக் கிராமங்களில் சிறிய நீர்மின் நிலையங்கள் அமைக்க உதவியது. உலக வங்கித் திட்டமும் சேர்ந்துகொள்ள, நூற்றுக்கணக்கான கிராமங்கள் மின் நுகர்வோர் சங்கங்களை அமைத்துத் தங்கள் மின்நிலையத்தைத் தாங்களே நடத்தின. மின்சார சபையின் கம்பி வந்து சேர்ந்தபோது அவற்றில் பல கைவிடப்பட்டன என்பது அக்கதையின் துயரம். இருந்தாலும் சாதாரண விவசாயிகள் சந்தா வாங்கி, இயந்திரம் பழுது பார்த்து, கணக்கு வைக்க முடியும் என்பதில் இனி யாரும் ஐயப்பட முடியாது.

மன்னாரைப் பற்றியும் ஒரு சொல். அங்கே மின்சார சபையின் தம்பபவனி காற்றுப்பண்ணை 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 100 மெகாவாற்றுக்குச் சற்று மேல். 2025இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். வெள்ளநீர் வடிகால், மீன்பிடி, வலசைப் பறவைகள் என்று அவர்கள் எழுப்பிய கவலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை. தொல்லை நம்மிடம், விளக்கு வேறெங்கோ என்ற மனக்குறை அவற்றோடு சேரும்போது எந்த நல்ல தொழில்நுட்பமும் பகையாகத் தெரியும். முதலிலேயே மக்களைப் பங்காளியாக்குவது அறமாக இருப்பதோடு சிக்கனமாகவும் இருக்கும். தாமதமும் வழக்கும் காற்றாலையின் வட்டியில் போய் ஏறும்.

லண்டன் என்ன செய்யலாம்?

புலம்பெயர்ந்த நம் சமூகம் கொடுத்துப் பழகியது. கோயிலுக்கும் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் இந்த நகரிலிருந்து போன பணம் பெரிது. மின்சாரத்துக்கும் கொடுங்கள் என்று கேட்பதற்கு முன், எந்த வடிவில் கொடுப்பது என்று யோசிக்க அழைக்கிறேன். நன்கொடையில் வாங்கிய இயந்திரம் பழுதானால் அடுத்த நன்கொடைக்காகக் காத்திருப்பது வழக்கமாகிவிடுகிறது. குறைந்த வட்டியில், நீண்ட தவணையில், பொறுமையாகக் காத்திருக்கும் கடன் ஊரைக் கணக்குப் பார்க்க வைக்கிறது. கணக்குப் பார்க்கும் ஊர் இயந்திரத்தையும் பார்த்துக்கொள்கிறது. நான்கு வீத வட்டிக்கும் பன்னிரண்டு வீத வட்டிக்கும் நடுவே நாம் பார்த்த அந்த இடைவெளியை நிரப்ப நம்மால் முடியும்.

இதற்கான சட்ட வடிவம் இந்த நகரிலேயே நடைமுறையில் இருக்கிறது. தெற்கு லண்டன் பிரிக்ஸ்டனில் 2012இல் சமூக வீடமைப்புக் கட்டடத்தின் கூரைமேல் சூரிய மின்நிலையம் அமைக்கப்பட்டது. அயலவர்கள் சிறு சிறு பங்குகள் வாங்கினார்கள். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. வருமானத்தில் ஒரு பகுதி அந்தக் குடியிருப்பின் பொதுநலனுக்கு. நம் இளையோர் அந்த அமைப்பின் யாப்பை எடுத்துப் படிக்கலாம்.

மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். முதலாவது, மூன்று தீவுகளின் திட்டத்துக்கும் ஒரு மாற்றீட்டு நிதி கேட்போம். மிச்சமாகும் டீசலின் பெறுமதியில் ஒரு நிலையான பங்கு, தீவுப் பிரதிநிதிகளும் கையெழுத்திடும் தனிக் கணக்கில் ஆண்டுதோறும் சேர வேண்டும். பற்றரிக்கும் உதிரிப்பாகத்துக்கும் மட்டுமே செலவாக வேண்டும். எத்தனை அலகு உற்பத்தியானது, எத்தனை லீற்றர் மிச்சமானது என்ற விவரம் மாதந்தோறும் தீவின் பொது இடத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, தீவுக்கு இருவராவது பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர் தீவிலேயே வாழ வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் இயங்குகிறது. அங்கே ஒரு பயிற்சியும், தீவில் தங்கி வேலை செய்பவருக்கு ஒரு கொடுப்பனவும் என்பது இங்குள்ள ஓர் ஊர்ச் சங்கத்தின் சக்திக்கு உட்பட்ட செலவு.

மூன்றாவது, மிஞ்சும் காற்றுக்கு உள்ளூர் வேலை கொடுப்போம். சோழக மாதங்களில் பற்றரி நிறைந்த பின் வீணாகும் மின்சாரத்தில் மீனுக்கு ஐஸ் செய்யலாம், உவர்நீரைக் குடிநீராக்கலாம். ஐஸும் தண்ணீரும் பற்றரியைவிட மலிவான சேமிப்பு. பிடித்த மீனை ஒருநாள் கூடுதலாக வைத்து நல்ல விலைக்கு விற்கும் மீனவருக்குத்தான் காற்றாலையின் பயன் முதலில் கையில் தெரியும். இத்தகைய ஐஸ் ஆலைக்கே நம் பொறுமைக் கடன் முதலில் போகலாம். வருமானம் தரும் தொழில் என்பதால் அந்தக் கடன் திரும்பி வரும், திரும்பி வந்து அடுத்த தீவுக்குப் போகும்.

இந்த அவையில் கணக்காளர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், பொறியியலாளர்கள் இருக்கிறீர்கள். உங்களில் ஒவ்வொரு துறையிலும் இருவர் முன்வந்தால் போதும். மாற்றீட்டு நிதியின் விதிகளை எழுதுங்கள், பொறுமைக் கடனை வழங்கும் சங்கத்தின் யாப்பை வரையுங்கள், இரண்டையும் தீவு மக்களிடம் கொண்டுபோய் அவர்கள் திருத்தத் திருத்தக் கேட்டு முடியுங்கள். பணம் திரட்டுவது அதற்குப் பின்பு. விதியும் கணக்கும் ஊரின் கையில் இருக்கும் இடத்தில் காற்றாலை நிலைக்கிறது என்பதற்கு எய்கும் கிகாவும் ஓடந்துறையும் சான்று. அந்த வரிசையில் நம் தீவுகளின் பெயரும் சேரும் என்று முழுமனதோடு நம்புகிறேன். அதற்கான வேலையில் என் பங்கைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்.